கவுன்சிலர் கட்சி மாறினால் வார்டுக்கு என்ன ஆகும்?

கொருக்குப்பேட்டையில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவருடைய வார்டு கவுன்சிலர் ஒரு கட்சியின் சின்னத்தில் நின்று வென்றார். போன வாரம் எதிர்க்கட்சிக்குப் போய்த் துண்டு போட்டுக்கொண்டு வந்துவிட்டார். சின்னத்தைப் பார்த்துப் போட்ட ஓட்டு என்ன ஆயிற்று, அவருடைய பதவி போகாதா, இவர்கள் எதற்காகத்தான் இப்படி மாறுகிறார்கள் என்பவை நண்பரின் மூன்று கேள்விகள்.

வடசென்னையில் பிறந்து வளர்ந்து, மாநகராட்சியின் மண்டல அலுவலகம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் கோப்புகளோடு காலம் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் எளிது, ஆனால் உங்களுக்குப் பிடிக்காது: பதவி போகாது, உங்கள் ஓட்டு அவரிடமே இருக்கிறது. மூன்றாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஊரில் சொல்லப்படும் காரணமும் உள்ளே நடக்கும் காரணமும் பெரும்பாலும் வேறு வேறானவை.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் பொதுவாகச் சொல்வது, 1985இல் 52ஆவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையை. அது நாடாளுமன்ற உறுப்பினர்களையும் சட்டமன்ற, சட்ட மேலவை உறுப்பினர்களையும் மட்டுமே கட்டுப்படுத்துகிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி உறுப்பினர்களைப் பற்றி அதில் ஒரு வரி கூடக் கிடையாது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோதும், உறுப்பினர்களின் தகுதியிழப்பு பற்றிச் சட்டம் இயற்றும் பொறுப்பு மாநிலங்களிடமே விடப்பட்டது. கேரளம் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டு 1999இல் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கென்றே தனியாகக் கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே கட்சி மாறும் உறுப்பினர் மீது மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் முறையிடலாம். குற்றம் உறுதியானால் பதவியும் போகும், ஆறு ஆண்டுகள் தேர்தலில் நிற்கவும் முடியாது. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் 1980களின் பிற்பாதியிலேயே தத்தம் உள்ளாட்சிகளுக்கு இத்தகைய சட்டங்களை இயற்றிக்கொண்டன. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இயற்றப்படவில்லை. நம் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தில் பதவி பறிபோவதற்குச் சில வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. கூட்டங்களுக்குத் தொடர்ந்து வராமல் இருப்பது ஒன்று, பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதாக அரசு விசாரித்து நீக்குவது மற்றொன்று. கட்சி மாறுவது அந்த வழிகளில் ஒன்றல்ல.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை வடசென்னையிலேயே பார்க்கலாம். பெரம்பூர் சட்டமன்ற உறுப்பினராக இருந்த பி. வெற்றிவேல் 2017இல் முதலமைச்சர் பழனிசாமிக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அதிமுக உறுப்பினர்களில் ஒருவர். அவர் அப்போது வேறு கட்சிக்குப் போயிருக்கவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு செப்டம்பரில் பேரவைத் தலைவர் 18 பேரைத் தகுதிநீக்கம் செய்தார், உயர் நீதிமன்றம் 2018 அக்டோபரில் அதை உறுதி செய்தது, பெரம்பூர் மக்கள் 2019இல் மறுபடியும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். ஒரு கடிதத்துக்காகச் சட்டமன்ற உறுப்பினர் பதவியை இழந்த அதே தொகுதியில், ஒரு வார்டு கவுன்சிலர் காலையில் ஒரு கட்சியிலும் மாலையில் இன்னொரு கட்சியிலும் இருந்துவிட்டு, மறுநாள் ரிப்பன் மாளிகையில் நடக்கும் மாமன்றக் கூட்டத்துக்கு எந்தத் தடையுமின்றிப் போய் உட்காரலாம்.

பழைய கட்சி சும்மா இருக்காது. கட்சியின் கட்டுப்பாட்டை மீறி நடந்துகொண்டதால் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உள்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார், கட்சியினர் எவரும் அவரோடு தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்ற வகையில் ஓர் அறிவிப்பு வரும். பத்திரிகையில் அதைப் படித்துவிட்டுப் பதவியே போய்விட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த அறிவிப்பு கட்சியின் உறுப்பினர் பட்டியலைத் தாண்டி எதையும் தொடாது. சட்டமன்ற உறுப்பினருக்காவது நீக்கத்துக்குப் பிறகு வேறு கட்சியில் சேர்ந்தால் ஆபத்து உண்டு: தமிழ்நாட்டிலிருந்து போன ஜி. விஸ்வநாதன் வழக்கில், கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர் வேறு கட்சியில் சேர்ந்தால் அதுவும் பழைய கட்சியைத் தானாக விட்டதாகவே கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. கவுன்சிலருக்கு அந்தக் கவலையும் கிடையாது. அவரைப் பொறுத்தவரை அந்த நீக்க அறிவிப்பு ஒரு விடுதலைப் பத்திரம்.

கட்சித் தலைமைக்கே கையில் ஒன்றும் இல்லை என்பதை 2022 மார்ச்சில் எல்லோரும் பார்த்தோம். மேயர், நகராட்சித் தலைவர் போன்ற பதவிகளுக்கு நடந்த மறைமுகத் தேர்தலில், கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய இடங்களில் திமுகவைச் சேர்ந்தவர்களே போட்டியிட்டு வென்றார்கள். நெல்லிக்குப்பம் நகராட்சியில் விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவி அப்படித்தான் கைமாறியது. முதலமைச்சராக இருந்த கட்சித் தலைவரே வருத்தம் தெரிவித்து, அவர்கள் பதவி விலகிவிட்டுத் தம்மை வந்து சந்திக்க வேண்டும் என்று அறிக்கை விட வேண்டியிருந்தது. சட்டம் கையில் இருந்தால் எவரும் அறிக்கை விட்டுக் கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஊராட்சிகளில் இந்தச் சிக்கல் வேறு விதமாகத் தீர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கிராம ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னத்தில் நிற்பதில்லை. பூட்டு சாவி, கத்தரிக்காய் என்று ஏதாவது ஒரு சுயேச்சைச் சின்னம். அவர் எந்தக் கட்சிக்காரர் என்பது ஊருக்குத் தெரிந்தாலும் வாக்குச் சீட்டுக்குத் தெரியாது. மாநகராட்சியில் நாம் கட்சிச் சின்னத்தைக் கொடுத்து ஓட்டுக் கேட்கச் சொல்கிறோம், வென்ற பிறகு அந்தச் சின்னத்துக்கும் அவருக்கும் சட்டப்படி எந்தப் பிணைப்பும் இல்லை என்கிறோம். உங்கள் கோபம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்திலிருந்து எழுவது, அது நியாயமான கோபம்தான்.

இனி, ஏன் மாறுகிறார்கள் என்பதற்கு வருகிறேன். 2022 பிப்ரவரி 19இல் நடந்த தேர்தலின் கணக்கை முதலில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையின் 200 வார்டுகளில் திமுக மட்டும் 153 இடங்களில் வென்றது, காங்கிரசும் இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் மற்றத் தோழமைக் கட்சிகளும் சேர்ந்து மேலும் 25 இடங்களைப் பிடித்தன, அதிமுகவுக்குக் கிடைத்தவை 15. அதற்கு முந்தைய 2011 தேர்தலில் நிலைமை தலைகீழ்: 168 வார்டுகள் அதிமுகவுடையவை. இரண்டு முறையும் ஆளுங்கட்சிக்கு மாமன்றத்தில் ஒரு கை கூடுதலாக உயர்வதால் ஆகப் போவது எதுவும் இல்லை. ஆகவே, பெரும்பான்மைக்காக ஆள் இழுக்கிறார்கள் என்ற விளக்கம் சிறிய நகராட்சிகளுக்குப் பொருந்தலாம், சென்னைக்குப் பொருந்தாது.

அப்படியானால் எதற்காக ஏற்றுக்கொள்கிறார்கள்? பாகம் என்று கட்சிக்காரர்கள் சொல்லும் வாக்குச் சாவடிகளுக்காக. சென்னையில் ஒரு வார்டுக்குச் சராசரியாக முப்பதாயிரம் வாக்காளர்கள். 2022இல் ஓட்டுப் போட வந்தவர்கள் ஏறத்தாழ 44 சதவீதம், அதாவது ஒரு வார்டில் பதின்மூன்றாயிரம் பேர். அந்தப் பதின்மூன்றாயிரம் பேரையும் வீட்டிலிருந்து சாவடி வரைக்கும் அழைத்து வருபவர்கள் தெருவுக்கு நான்கைந்து பேர்: காலையில் பூத் சிலிப் கொடுப்பவர், வயதானவர்களுக்கு ஆட்டோ பேசுபவர், யார் ஊரில் இல்லை, யார் வீடு மாறிப் போனார் என்று விரல் நுனியில் வைத்திருப்பவர். கவுன்சிலர் வரும்போது இவர்களும் கூட வருவார்கள் என்ற கணக்கில்தான் அவருக்குச் சால்வை போர்த்தப்படுகிறது. மாமன்ற நாற்காலி அவருடைய முகவரி. சரக்கு இந்த நான்கைந்து பேர்தான். அதனால்தான் இணைப்பு விழாக்களில் பெரும்பாலானவை சட்டமன்றத் தேர்தலோ நாடாளுமன்றத் தேர்தலோ நெருங்கும் மாதங்களில் நடக்கின்றன. உள்ளாட்சியோடு அவற்றுக்குத் தொடர்பு குறைவு.

இணைப்பு விழா ஒன்றை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எந்தக் கட்சி, எந்த வார்டு என்பது இங்கே தேவையில்லை. காலை எட்டு மணிக்கு எங்கள் தெரு முனையில் நான்கு வேன்கள் வந்து நின்றன. ‘மாற்றுக் கட்சியினர் முந்நூறு பேர்’ என்று பேனரில் முன்பே அச்சாகியிருந்தது, வேன்களில் ஏறியவர்களோ எண்பது பேர் இருக்கலாம். மீதிக்குப் பக்கத்து வார்டிலிருந்து ஆள் பிடித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே அந்தக் கட்சியில்தான் இருந்தார்கள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். பழைய கட்சியின் கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவரை, வேனுக்குள்ளேயே வைத்து வேட்டியை மாற்றச் சொன்னார்கள். மேடையில் மாவட்டச் செயலாளர் ஒவ்வொருவராகத் துண்டு போட, புகைப்படக்காரர் ஒரே துண்டைக் கழற்றிக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரியாணிப் பொட்டலத்தோடு மதியத்துக்குள் எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள்.

நான் மறக்காமல் வைத்திருப்பது மறுநாள் காலையில் பார்த்ததை. கவுன்சிலர் வீட்டு வாசலில் ஒரு தகரப் பலகை உண்டு. மேல்பாதியில் தலைவர்களின் படங்களும் கட்சிக் கொடியின் நிறமும், கீழ்ப்பாதியில் அவர் பெயரும் ‘மாமன்ற உறுப்பினர்’ என்ற இரண்டு சொற்களும் இருந்தன. பெயின்டர் ஏணி போட்டு ஏறி, மேல்பாதிக்கு மட்டும் வெள்ளை அடித்துவிட்டு, கீழ்ப்பாதியைத் தொடாமல் இறங்கினார். மேலே சொன்ன சட்டத்தை இதைவிடத் தெளிவாக எந்த வழக்கறிஞரும் எனக்கு விளக்கியதில்லை. அந்த நேரத்தில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த பக்கத்து வீட்டம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: “துண்டு மாறிச்சு, போர்டு மாறிச்சு. தண்ணி லாரி வர்ற நேரம் மட்டும் மாற மாட்டேங்குதே.” (தண்ணீர் லாரி மாநகராட்சியுடையது அல்ல, குடிநீர் வாரியத்துடையது. ஆனால் குடத்தோடு நிற்பவரிடம் அதைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.)

ஏற்றுக்கொள்பவர்களின் கணக்கு அது. மாறுபவரின் கணக்கு வேறு. மேடையில் எல்லோரும் சொல்வது, “என் வார்டு மக்களுக்கு நல்லது செய்ய முடியவில்லை, அதனால்தான் வந்தேன்” என்பது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு, நான் முழுவதும் சிரிக்க மாட்டேன். கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி எந்தக் கட்சியாக இருந்தாலும் ஒரே அளவுதான்: 2022இல் 35 லட்சம் ரூபாயாக இருந்தது, 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் 60 லட்சமாக உயர்த்தப்பட்டது. காகிதத்தில் பாகுபாடு இல்லை. ஆனால் அந்த நிதியில் ஒரு மழைநீர் வடிகாலுக்கு மூடி போடுவதற்கே உதவிப் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்க வேண்டும், செயற்பொறியாளர் பார்க்க வேண்டும், ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும், வேலையை எடுக்க ஒரு ஒப்பந்ததாரர் முன்வர வேண்டும். இந்த நான்கு படிகளில் எந்தப் படியிலும் ஒருவரும் ‘முடியாது’ என்று சொல்ல மாட்டார்கள். கோப்பு மேசையில் இருக்கும், அவ்வளவுதான். ஆளுங்கட்சிக் கவுன்சிலர் தொலைபேசியில் பேசினால் நகரும் அதே கோப்பு, எதிர்க்கட்சிக் கவுன்சிலர் நேரில் வந்து நின்றாலும் “பார்க்கிறோம் சார்” என்ற சொல்லோடு இருந்த இடத்திலேயே இருக்கும். நானும் அப்படி ‘பார்க்கிறோம்’ சொன்னவன்தான், மறைக்க விரும்பவில்லை. மேலிருந்து எவரும் அப்படிச் சொல்லச் சொன்னதில்லை. யாருடைய கோப்பை முதலில் எடுத்தால் யார் கோபித்துக்கொள்வார்கள் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லாமலே தெரியும்.

இதோடு பெரிய திட்டங்களையும் சேர்த்துப் பாருங்கள். 2023இல் ஆயிரம் கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டுப் பின்னர் விரிந்துகொண்டே போன வட சென்னை வளர்ச்சித் திட்டம் போன்றவை கவுன்சிலரின் கையில் இல்லை. அவற்றை நடத்துபவை மாநில அரசின் துறைகள். சமுதாயக் கூடம் எந்த வார்டில் வரும், விளையாட்டுத் திடல் எந்தத் தெருவில் வரும் என்பது அமைச்சரும் சட்டமன்ற உறுப்பினரும் மாவட்டச் செயலாளரும் உட்காரும் அறையில் முடிவாகிறது. அந்த அறைக்குள் போகும் வழி இல்லாத கவுன்சிலர், அடிக்கல் நாட்டு விழாவில் பின்வரிசையில் நின்று கைதட்டுவதோடு சரி. ஆகவே வேலை நடக்கவில்லை என்ற காரணம் பொய் அல்ல. அரை உண்மை. நடக்காத வேலைகளில் மக்களுடையவை எத்தனை, அவருடையவை எத்தனை என்பதை அந்த மேடையில் எவரும் பிரித்துச் சொல்வதில்லை.

பணத்தைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். சென்னை மாநகராட்சி வார்டில் போட்டியிடுபவர் செலவழிக்கச் சட்டம் அனுமதித்த தொகை 2022இல் 90,000 ரூபாய். எங்கள் பக்கத்தில் அந்தத் தொகைக்குள் தேர்தலை முடித்த வெற்றியாளர் எவரையாவது காட்டினால் அவருக்கு நானே மாலை போடுவேன். வென்ற பிறகு கிடைப்பது, 2023 ஜூலையிலிருந்து மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். அதற்கு முன்பு கூட்டத்துக்கு இவ்வளவு என்ற படி மட்டுமே. போட்டதற்கும் வருவதற்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை எதை வைத்து நிரப்புகிறார்கள் என்பது வீடு கட்டியவர்களுக்கும், குழாய்க்காகத் தெருவை வெட்டியவர்களுக்கும், நடைபாதையில் கடை போட்டவர்களுக்கும் தெரியும். எல்லாக் கவுன்சிலர்களும் கை நீட்டுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை; கை நீட்டாத இருவரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன், இருவருமே அடுத்த முறை சீட்டுக் கிடைக்காமல் போனவர்கள். கை நீட்டுபவருக்கு அதிகாரத்தின் நிழல் தேவை, கை நீட்டாதவருக்கோ கடனை அடைக்க ஏதாவது ஒரு வழி தேவை. இரண்டு தேவையும் ஒரே திசையில்தான் தள்ளுகின்றன.

ஆனால் நான் பார்த்த வரையில், பணமும் கோப்பும் மட்டுமே ஒருவரைக் கட்சி மாற வைப்பதில்லை. அவருக்கு மேலே இருப்பவர் அசைந்தால்தான் இவர் அசைகிறார். திமுகவிலும் அதிமுகவிலும் மாநகரக் கட்டமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான்: வார்டுக்கு வட்டச் செயலாளர், பல வட்டங்களுக்குப் பகுதிச் செயலாளர், அவருக்கு மேல் மாவட்டச் செயலாளர். கவுன்சிலர் சீட்டைப் பரிந்துரைப்பது மாவட்டம், பெயரை மேலே அனுப்புவது பகுதி. மாவட்டச் செயலாளர் மாறினாலோ, இரண்டு கோஷ்டிகளில் ஒன்று தோற்றாலோ, தோற்ற கோஷ்டியின் கவுன்சிலருக்கு அடுத்த தேர்தலில் பெயர் இருக்காது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். பி.கே. சேகர்பாபு இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. ஆர்.கே. நகரில் 2001இலும் 2006இலும் அதிமுக சார்பில் வென்றவர், அந்தக் கட்சியின் வடசென்னை மாவட்டச் செயலாளராகவும் இருந்தவர், 2011இல் திமுகவுக்குப் போனார். அங்கே மாவட்டச் செயலாளராகி, 2016இலும் 2021இலும் துறைமுகம் தொகுதியில் வென்று, 2021இல் அமைச்சரானார். அப்படி ஒருவர் மாறும்போது அவரோடு பல ஆண்டுகள் பழகிய கிளைகளும் கூடவே அசையும். தலைவர் எங்கேயோ அங்கேயே நாங்கள் என்று வட்டத்தில் ஒருவர் சொன்னால், அவர் சொல்லும் தலைவர் பெரும்பாலும் கட்சித் தலைவர் அல்லர். மாவட்டத்துக்காரர்.

2017க்குப் பிறகு ஆர்.கே. நகரிலும் தண்டையார்பேட்டையிலும் நடந்ததும் இந்த வகைதான். அந்த ஆண்டு டிசம்பர் இடைத்தேர்தலில் டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்று நாற்பதாயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றபோது, இரட்டை இலைக்கு வேலை செய்தவர்களில் யார் யார் உண்மையில் குக்கருக்கு வேலை செய்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்கும் வேலை வார்டு வார்டாக நடந்தது. அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமுமாக நின்ற வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. மாமன்றமே இல்லாத காலம் அது. 2016 அக்டோபரில் முடிந்த மாமன்றத்துக்குப் பிறகு 2022 வரைக்கும் தேர்தலே நடக்கவில்லை. அதனால் பதவி இல்லாத முன்னாள் கவுன்சிலர்கள் அந்த ஐந்தாண்டுகளில் இரண்டு மூன்று துண்டுகளைப் பார்த்துவிட்டார்கள், ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இன்னொரு காரணம் இட ஒதுக்கீடு. பாதி வார்டுகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. அது மிகவும் நல்ல ஏற்பாடு, அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் ஒதுக்கீடு மாறும்போது உட்கார்ந்திருப்பவர் தன் வார்டை இழக்கிறார். பக்கத்து வார்டில் நிற்கலாம் என்றால் அங்கே கட்சிக்காரர் ஒருவர் இருக்கிறார். மனைவியை நிறுத்தலாம் என்றால், மகளிர் அணியில் இருபது ஆண்டுகள் கொடி பிடித்த ஒருவர் குறுக்கே நிற்கிறார், நியாயமாகவே நிற்கிறார். அந்தச் சமயத்தில் எதிர்க்கட்சிப் பகுதிச் செயலாளர் வீட்டுக்கு வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போனால் போதும்.

இப்போது, வெளியில் பெரிதாகப் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கவுன்சிலர் கட்சி மாறும்போது அதிகம் அடிபடுபவர் பழைய கட்சியில் இருப்பதில்லை. புதிய கட்சியின் வட்டச் செயலாளர்தான் அவர். தேர்தலில் அவர் எதிர்த்து நின்று தோற்றிருப்பார், அல்லது தோற்ற வேட்பாளருக்காகத் தெருத் தெருவாக நடந்திருப்பார். அடி வாங்கியிருப்பார், வழக்கு இருக்கும், சுவர் பிடிப்பதில் தொடங்கிச் சண்டை பல ஆண்டுக் கணக்கு. ஒருநாள் மாவட்டத்திலிருந்து அழைப்பு வருகிறது: நாளைக்கு அவர் நம்மோடு சேர்கிறார், நீ பேனர் வைத்துவிடு. அவரே செலவு செய்து வரவேற்புப் பேனர் வைக்கிறார். பேனரில் அவருடைய படம் கவுன்சிலரின் படத்தைவிடச் சின்னதாக இருக்கும். அதற்குப் பிறகு வார்டில் ஒரே கட்சிக்கு இரண்டு அலுவலகங்கள், தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லப் போனால் “அவரிடம் சொன்னீர்களா, என்னிடம் சொன்னீர்களா” என்ற விசாரணை. உங்கள் கவுன்சிலர் மாறிய பிறகு வார்டு வேலைகள் விறுவிறுவென்று நடக்கும் என்று எவராவது உங்களிடம் சொன்னால், முதல் ஆறு மாதம் இந்த இழுபறி தீருவதற்கே போதாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் கேரளத்தைப் போலத் தமிழ்நாட்டிலும் சட்டம் கொண்டுவந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இதில் பாதி சம்மதம். ஒரு கட்சியின் சின்னத்தில் வென்றவர் வேறு கட்சியில் சேர்ந்தால், பதவியை விட்டுவிட்டு அந்த வார்டிலேயே மறுபடியும் நிற்க வேண்டும் என்பது நியாயம். ஆனால் பத்தாவது அட்டவணையை அப்படியே கொண்டுவந்தால், கட்சியின் சார்பில் உறுப்பினர்களுக்கு உத்தரவிடும் கொறடா சொன்னபடி கை தூக்காவிட்டாலும் பதவி போகும். மாமன்றத்துக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து, வடசென்னைக்கு நிச்சயம் வேண்டாம். கொடுங்கையூர்க் குப்பை மேட்டில் எரிஉலை வருவதை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் கைகோத்து நின்றார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6ஆம் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து, தொழிலாளர்கள் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலிலேயே 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளும் கூட்டணியிலிருந்த மார்க்சிஸ்ட் கட்சியே அந்தத் தனியார்மயத்தை எதிர்த்தது. இத்தகைய நேரங்களில் தன் வார்டு மக்களுக்காகத் தன் கட்சிக்கு எதிராகவே பேச ஒரு கவுன்சிலருக்கு இடம் இருக்க வேண்டும். கொறடாவைக் கொண்டுவந்தால் இருக்கும் கொஞ்ச இடமும் போய்விடும். துண்டு மாறுவதற்குத் தடை போடலாம், வாயைத் திறப்பதற்குத் தடை போடக் கூடாது.

சட்டம் வரும்வரை உங்கள் கையில் என்ன இருக்கிறது என்றால், அதிகம் இல்லை. மக்கள் பிரதிநிதியைத் திரும்ப அழைக்கும் உரிமை நம் மாநிலத்தில் கிடையாது. வழக்குப் போடலாமா என்று கேட்டிருந்தால், செலவு செய்யாதீர்கள் என்பேன்; கட்சி மாறியதை மட்டும் காரணமாகக் காட்டி நீக்கச் சொல்ல நீதிமன்றத்துக்குச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. பயன்படுத்தக்கூடிய ஒன்று பகுதி சபை. ஒவ்வொரு வார்டையும் பகுதிகளாகப் பிரித்து, கவுன்சிலர் தலைமையில் மக்கள் கூடிப் பேச வேண்டும் என்பது 2022இல் விதியாகவே வந்தது. கூட்டம் எப்போது என்று தட்டியில் எழுதி வைக்க மாட்டார்கள், வார்டு அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போய்க் கட்சியைப் பற்றிக் கேட்டால் சண்டையில் முடியும். வார்டு மேம்பாட்டு நிதியில் இந்த ஆண்டு எந்தெந்தத் தெருவுக்கு எவ்வளவு, எந்த வேலை முடிந்தது, எது கிடப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். கட்சி மாறுவதற்கு முன்பு அவர் சொன்ன காரணம் வேலை நடக்கவில்லை என்பதுதானே. மாறிய பிறகு நடந்த வேலையின் பட்டியலைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மேலே நான் சொன்ன தகரப் பலகைக் கவுன்சிலரின் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. அவர் சேர்ந்த ஒன்பதாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் தெரு முனையில் மறுபடியும் வேன்கள் வந்து நின்றன. இந்த முறை மூன்று. உள்ளே உட்கார்ந்திருந்தவர் அவருக்கு வரவேற்புப் பேனர் வைத்த வட்டச் செயலாளர். வேன்கள் கிளம்பியது கவுன்சிலர் விட்டுவிட்டு வந்த பழைய கட்சியின் அலுவலகத்துக்கு. வேட்டியை வேனுக்குள்ளேயே மாற்றிக்கொண்ட அந்தப் பெரியவரும் அதில் இருந்தார். இந்தத் தடவை வீட்டிலேயே மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.